15 டைவ் முடித்தவர் நண்பர்களுக்கு ஸ்கூபா சொல்லிக்கொடுக்கலாமா?

மீன்கொத்தி:
ஸ்கூபாவில் (சிலிண்டர் காற்றோடு முங்குவது) முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கி 15 டைவ் முடித்திருக்கிறேன். நீச்சல் நன்றாகத் தெரிந்த இரண்டு நண்பர்கள் ஸ்கூபா கற்றுத்தரச் சொல்கிறார்கள். 3 மீட்டர் ஆழ நீச்சல்குளம்தான், கடலுக்குப் போகமாட்டோம். மூச்சைப் பிடிக்காதே, காதின் அழுத்தத்தைச் சமன்செய், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் வெளியேற்று என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?

ஆழ்கடல்:
போதாது நண்பரே. குளம் என்பதால் ஆபத்து குறையவில்லை. 3 மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 1.3 பார். அங்கே 6 லிட்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அது 7.8 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அவ்வளவு விரியாது, கிழியும். கிழிந்த இடம் வழியாக ரத்தத்தில் நுழையும் காற்றுக்குமிழ் மூளைக்குப் போனால், மேலே வந்த சில நிமிடங்களுக்குள் நினைவு தப்பலாம். முழு மூச்சோடு ஒன்றேகால் மீட்டர் ஏறினாலே இது நடக்கக்கூடும். ஆகவே ‘இடுப்பளவுக்குக் கொஞ்சம் அதிகமான தண்ணீரில் சொல்லித்தருகிறேன்’ என்பதும் சரிவராது.

நீச்சல் தெரிந்தவர்கள் என்கிறீர்கள். இந்த இடத்தில் அந்தப் பழக்கமே எதிரி. தலை தண்ணீருக்குள் போனால் மூச்சைப் பிடி, சிரமம் வந்தால் மேலே போ என்று அவர்கள் உடம்பு வருடக்கணக்காகப் பழகியிருக்கிறது. கரையில் நீங்கள் சொன்னது, மூக்கில் தண்ணீர் ஏறும் நொடியில் நினைவுக்கு வராது.

பெரும்பாலும் மாஸ்க் பயிற்சியில்தான் சிக்கல் தொடங்கும். மூக்கால் காற்றை ஊத வேண்டியவர் பழக்கதோஷத்தில் மூக்கால் இழுத்துவிடுவார். தண்ணீர் தொண்டைக்குப் போகும், இருமல் வரும், ரெகுலேட்டரை (வாயில் கவ்வி மூச்சுவிடும் கருவி) துப்பிவிட்டு மேலே வர ஒரே உதை. தரையிலிருந்து மேற்பரப்புக்கு 2, 3 விநாடிதான். அந்த 2 விநாடிக்காகத்தான் பயிற்சியாளர் எப்போதும் மாணவருக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். ஒரு கை மாணவரின் பிசிடி (காற்று ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) தோள்பட்டையில், மறு கை ரெகுலேட்டரைத் தாங்கத் தயாராக. அவர் துள்ளினால் பிடித்து நிறுத்தி, பிசிடி காற்றை வெளியேற்றி, ரெகுலேட்டரை வாயில் நிலைநிறுத்த வேண்டும். இதைச் செய்யும்போது தன் மிதப்பைப் பற்றி யோசிக்கவே கூடாது. 15 டைவில் பாதிக் கவனம் நம் மிதப்பிலும், சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜிலும்தான் இருக்கும். அதோடு, நீங்கள் ஒருவரைப் பிடித்திருக்கும்போது இரண்டாமவரை யார் பார்ப்பது?

பவளப்பாறை:
கருவியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. சிலிண்டர் வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தாலும் கரையில் மூச்சு சரளமாக வரும், ஆழத்தில்தான் திணறும். பிரஷர் கேஜைப் பார்த்தபடி 4 முறை மூச்சு இழுங்கள். முள் இறங்கி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை. அடுத்தது, பிசிடியின் இடது பக்கக் குழாயில் காற்று ஏற்றும் பொத்தானும் இறக்கும் பொத்தானும் அருகருகே இருக்கும். பதற்றத்தில் மாற்றி அழுத்தினால் ஆள் பலூன் மாதிரி மேலே போவார்.

பயிற்சி மையத்தில் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவத்தை யாரும் சடங்காக நினைக்க வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் அறுவை சிகிச்சை, முன்பு நுரையீரல் சுருங்கியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் இறக்கக்கூடாது. நண்பர்களிடம் இதையெல்லாம் கேட்டீர்களா?

மீன்கொத்தி:
கேட்கவில்லை. நீச்சல் பழக்கமே எதிராகும் என்பதும் தோன்றவில்லை. அப்படியானால் எப்போது கற்றுக்கொடுக்கலாம்? அதுவரை அவர்களுக்கு என்ன உதவி செய்யலாம்?

ஆழ்கடல்:
பி.ஏ.டி.ஐ. (ஸ்கூபா சான்றிதழ் தரும் அமைப்பு) முறையில் முதலில் ரெஸ்க்யூ டைவர் என்ற மீட்புப் பயிற்சி, பிறகு டைவ் மாஸ்டர் நிலை. அதைத் தொடங்க 40 டைவ், முடிக்க 60. பயிற்சியாளர் தேர்வுக்கு 100 டைவும், முதல் சான்றிதழ் பெற்று 6 மாதமும் வேண்டும். என் கருத்தில் 100 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை மட்டுமே. ஒரே அமைதியான இடத்தில், வழிகாட்டியின் பின்னாலேயே போன 100 டைவுக்கு மதிப்புக் குறைவு. ஒரு சோதனை சொல்கிறேன்: 5 மீட்டரில், எதையும் பிடிக்காமல் 3 நிமிடம் ஒரே மட்டத்தில் மிதந்து நில்லுங்கள். நடுவில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுங்கள். அரை மீட்டருக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ, பிறரைக் கவனிக்க இன்னும் நேரம் வரவில்லை.

இப்போதைக்கு சிலிண்டரே இல்லாமல் உதவுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் ஸ்நார்க்கலோடு, மாஸ்க் இல்லாமல் முகத்தை நனைத்து வாயால் மட்டும் 2 நிமிடம் மூச்சுவிடப் பழக்குங்கள். மூக்கால் இழுக்கும் பழக்கம் அதில்தான் போகும். மேற்பரப்பிலேயே இருக்கட்டும், வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கும் போட்டி வேண்டாம், நினைவு தப்பும். மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதிக் காதைச் சமன்செய்வதை வீட்டிலேயே பழகலாம். இந்த இரண்டும் கைவந்த பிறகு பயிற்சியாளரிடம் போனால், மாஸ்க் பாடத்தில் அவர்கள் அவ்வளவாகப் பதறமாட்டார்கள்.