அதிகம் ஓடாத டீசல் வண்டிக்கு ஆயில் அடிட்டிவ் தேவையா?

வணக்கம். எங்களிடம் இருப்பது 2009 மாடல் டாடா 407. ஊர் நத்தம் பக்கம். மாங்காய் சீசனில் நன்றாக ஓடும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் கொட்டகையில்தான் நிற்கும்.

போன மழைக்காலத்திலிருந்து, வாரக்கணக்கில் நின்றபின் ஸ்டார்ட் செய்தால் டேப்பெட் (இன்ஜின் வால்வுகளைத் தள்ளும் பாகம்) சத்தம் கடகடவென்று வருகிறது. ஆயில் பிரஷர் விளக்கு அணைந்ததும் அடங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் தயிர் ஏடு போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) அந்த வெள்ளை இல்லை, கூலன்ட்டும் குறையவில்லை.

ஆயில், ஃபில்டர் இரண்டும் மாற்றியாச்சு (ஆயிலின் தடிமன் 15டபிள்யூ-40, தரம் சிஐ-4). டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்தோம். நின்ற இடத்திலேயே ஓடவிட்டும் பார்த்தோம். அதில் ஆயில் சரியாகச் சூடாகாது, அந்த வெள்ளைக்குக் காரணமான ஈரமும் போகவில்லை.

மெக்கானிக் அடிட்டிவ் (ஆயிலோடு கூடுதலாகக் கலக்கும் திரவம்) ஊற்றச் சொல்கிறார். சிஐ-4 ஆயிலிலேயே தேய்மானத்தைத் தடுக்கவும் கசடைக் கரைக்கவும் சேர்மானங்கள் இருக்கின்றன. மேலே ஊற்றினால் அந்தக் கலவை கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி, இன்ஜினைப் பிரிக்கும் நிலைக்கு விட மனசில்லை.

இப்படி நின்று நின்று ஓடும் வண்டிக்கு அடிட்டிவ் அவசியமா, இல்லை வருடம் ஒருமுறை ஆயில் மாற்றி, அவ்வப்போது 20 கிலோமீட்டராவது ஓட்டினாலே போதுமா?