தற்கொலைதாரிகளின் ஜனாஸா (இறுதித் தொழுகை, அடக்கம்): உலமா சபை செய்தது போதுமா?

வாவிக்கரையான்:
2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்தியவர்களின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று மௌலவிமாரின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததை இங்கே சிலர் மெச்சுகிறார்கள். நான் மட்டக்களப்பு ஆள். சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். செத்தவனுக்குக் குழி கொடுக்காததில் என்ன வீரம்? அந்தக் கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் உயிரோடு பேஸ்புக்கில் கத்திக்கொண்டிருந்தபோது மௌலவிமார் எங்கே போனார்கள்?

காத்தான்குடிக் காக்கா:
தம்பி, ஊரில் இருந்தவன் சொல்கிறேன். அவனை ஓதவிடாமல் ஜாமிஅதுல் பலாஹ் மத்ரசா நீக்கியது அவன் பேர் வெளியே தெரியும் முன்பே. 2017 மார்ச்சில் எங்கள் ஊர் அலியார் சந்தியில் சூஃபி தலைவர் ரவூஃப் மௌலவியின் ஆட்களோடு மோதினார்களே, வாள் எடுத்துக்கொண்டு வந்தது யார்? அதற்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். சூஃபி தரப்பு முறைப்பாடு மேல் முறைப்பாடு கொடுத்தது. முஸ்லிம் கவுன்சிலும் புலனாய்வுக்காரர்களிடம் முன்னமே சொன்னதாக அறிவித்தது. மிம்பரில் (பள்ளிவாசல் பிரசங்க மேடையில்) நின்று ஏசலாம், விலங்கு மாட்ட முடியுமா? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து தகவல் வந்தும் கோட்டைவிட்டதற்குத்தான் 2023இல் உயர் நீதிமன்றம் மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் கட்டச் சொன்னது.

அப்புறம், குழி விஷயத்தை லேசாக எடுக்க வேண்டாம். கலிமா சொன்னவனுக்கு ஜனாஸா தொழுவது பர்ளு கிஃபாயா (ஊருக்கே பொதுவான கடமை), ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். தற்கொலை செய்தவனுக்குக்கூடத் தொழலாம் என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. அதையும் தாண்டி ‘இவன் எங்களவன் இல்லை’ என்று சொல்வதற்கு ஒரு சபை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று யோசியுங்கள்.

நெல்லைத் தம்பி:
காக்கா சொல்வது சரி. 2008இல் மும்பையில் தாக்குதல் நடத்திச் செத்த 9 பேருக்கும் மரைன் லைன்ஸ் பெரிய கப்ரஸ்தானில் (அடக்கஸ்தலத்தில்) இடமில்லை என்று ஜும்மா மஸ்ஜித் டிரஸ்ட் மறுத்துவிட்டது. உடல்கள் ஒரு வருடத்துக்கு மேல் பிணவறையில் கிடந்தன. அதே ஆண்டு பிப்ரவரியிலேயே தேவ்பந்தில் உலமாக்கள் கூடிப் பயங்கரவாதத்தைக் கண்டித்திருந்தார்கள். கண்டிக்கும்போது யாரும் கேமராவைத் திருப்புவதில்லை.

கொழும்பு 12:
நானும் முஸ்லிம்தான், ஆனால் காக்கா பாதியை விழுங்கிவிட்டார். ரவூஃப் மௌலவியும் அவர் பின்னால் போனவர்களும் மதம் மாறியவர்கள் என்று 1979இல் பத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது எந்தச் சபை? இதே ஜம்இய்யத்துல் உலமா. 2006இல் இன்னொரு சூஃபி தலைவரான பயில்வான் மௌலவி மௌத்தானபோது, காத்தான்குடியில் அடக்கிய மையித்தை (உடலை)த் தோண்டி எடுத்தார்களே, அவர்கள் தற்கொலைதாரிகளா? தாடி வைத்த சாதாரண ஊர்க்காரர்கள். யார் முஸ்லிம், யார் இல்லை என்று முத்திரை குத்தும் வேலையைச் சபை தொடங்கி வைத்தது. சஹ்ரான் அதையே கையில் வாளோடு செய்தான்.

காத்தான்குடிக் காக்கா:
நானா, பத்வா வேறு, கொலை வேறு. அகீதா (நம்பிக்கைக் கொள்கை) பிழை என்று சொல்ல ஆலிமுக்கு உரிமை இல்லையா? அந்தப் பத்வாவில் எங்கேயாவது அடி, வெட்டு என்று இருக்கிறதா?

கொழும்பு 12:
இல்லைதான். ஆனால் முர்தத் (மதம் மாறியவன்) என்று பேர் வைத்துவிட்டால், அப்புறம் என்ன செய்வது என்று 20 வயதுப் பொடியன் பழைய கிதாபைத் திறந்து தானே தேடிக்கொள்வான். குண்டு வெடித்த பிறகு கண்டிக்க எந்த மௌலவிக்கும் பயமில்லை. பக்கத்துத் தெரு தர்காவை உடைக்கும்போது கண்டித்திருந்தால் அது பேச்சு.

வாவிக்கரையான்:
இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: ஏப்ரல் 26ஆம் திகதி சாய்ந்தமருதில் ஒளிந்திருந்த சஹ்ரானின் ஆட்களைப் பற்றித் துப்புக் கொடுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள்தான். அதை எங்கள் ஆட்கள் பேசுவதே இல்லை. மே மாதம் மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடை எரித்தவனுக்கும் அது தெரிந்திருக்காது.

காத்தான்குடிக் காக்கா:
தெரிந்தாலும் எரித்திருப்பான். நானாவுக்கு ஒரு பதில் மட்டும்: 79 பத்வாவைச் சபை திரும்ப எடுத்துப் பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதைக் கேட்க வேண்டியது நாங்கள், தொலைக்காட்சிக்காரன் இல்லை.

கொழும்பு 12:
நாங்கள் எப்போது கேட்டோம், காக்கா?