புதுப்பிப்பு: தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்ட கதை

மூன்று வாரம் முன்னால் இங்கே புலம்பியிருந்தேன்: ஜப்பானிய மொழி படிக்க கியோட்டோ வந்து ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன், முதல் நாளே குளித்துவிட்டுத் தொட்டியின் அடைப்பானை உருவிவிட்டேன், அன்றிலிருந்து வீட்டம்மா சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை என்று. பாதிப் பேர் 'வீடு மாறிவிடு' என்றீர்கள். மாறவில்லை.

இங்கே தொட்டி குளிக்க இல்லை, ஊற. வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு அலசிய பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். சுமார் 40 டிகிரிச் சூட்டில் இருக்கும் அதே தண்ணீரில் வீட்டில் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக ஊறுவார்கள். விருந்தாளி என்று என்னை முதலில் ஊறவிட்டிருக்கிறார்கள். நான் மொத்தத்தையும் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன்! மிச்சத் தண்ணீரில் மறுநாள் துணி வேறு துவைப்பார்களாம். அதுவும் போச்சு.

வீட்டம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லையாம். என் அரைகுறை ஜப்பானிய மொழிக்குப் பயந்துதான் பேச்சைக் குறைத்திருக்கிறார்.

சாப்பாடுதான் இன்னும் இழுபறி. நான் சைவம். மீன் துண்டு கண்ணில் படாவிட்டாலும், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பின் சாறே காய்ந்த மீன் சீவலில் எடுப்பது. இப்போது எனக்கு மட்டும் கொம்பு போட்டுத் தனியாக வைக்கிறார். பயப்படாதீர்கள், கொம்பு என்பது ஒரு கடற்பாசி.

போன ஞாயிறு நான் ரசம் வைத்தேன். தாத்தா இரண்டு கிண்ணம் குடித்தார். வீட்டம்மா ஒரு வாய் குடித்து, இருமிக்கொண்டே 'ஒய்ஷீ' (ருசியாக இருக்கிறது) என்றார். மிளகைக் குறைத்திருக்கலாம்.