அத்தை வீட்டுக் கண்புரையும் ஒரு புரதமும்

கும்பகோணம் அத்தை: பேரனின் மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. ஜிஜேஏ8 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மருமகள் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் குழந்தைக்குப் புரை என்று தெருவில் பேசுகிறார்கள். பாப்பா, அந்த மரபணு கண்ணுக்குள் என்ன செய்கிறது என்று விளக்கமாக எழுது.

தஞ்சாவூர் பாப்பா: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அத்தை. அந்த மரபணு கனெக்சின் 50 என்ற புரதத்தை உருவாக்குகிறது. ஆறு கனெக்சின்கள் வளையமாகக் கூடி அரைக் குழாயாகின்றன. பக்கத்துச் செல்லின் அரைக் குழாயோடு அது பொருந்தும்போது, இரண்டு செல்களுக்கும் நடுவே ஒரு வழி திறக்கிறது. அயனிகளும் சுமார் 1,000 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) உட்பட்ட சிறு மூலக்கூறுகளும் அதன் வழியே போய்வரும். கண் வில்லையில் ரத்தக் குழாய் கிடையாது. உள்ளே இருக்கும் நார்ச் செல்கள் ஒளியை மறைக்காதிருக்கத் தம் உட்கருவையே இழந்துவிட்டவை என்பதால், அவை பிழைப்பதற்கு இந்த வழிகளையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

திருத்துறைப்பூண்டி பெரியப்பா: வயலுக்கு வயல் நீர் பாய்ச்சுவது போலத்தான். நடுவில் ஒருவர் மடையை அடைத்தால் கடைமடை காய்ந்துவிடும்.

தஞ்சாவூர் பாப்பா: அதேதான், பெரியப்பா. ஆனால் சில மாற்றங்களில் அரைக் குழாய் மூடாமல் கசிவதும் உண்டு, அதுவும் கேடுதான். வில்லையில் உள்ள இன்னொரு கனெக்சினான கனெக்சின் 46 இல்லாத எலிகளின் வில்லையில் கால்சியம் மிகுந்து, புரதத்தை வெட்டும் நொதிகள் தூண்டப்பட்டு, வில்லையைத் தெளிவாக வைத்திருக்கும் கிரிஸ்டலின் புரதங்கள் சிதைந்து நடுப்பகுதி வெளுத்தது. மனிதரில், கனெக்சின் 50-இன் 88-ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின் என்ற வேறொன்று வந்ததால் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் புரை வந்தது என்பதை 1998-இல் கண்டுபிடித்தார்கள்.

திருத்துறைப்பூண்டி பெரியப்பா: எழுபது வயதில் எனக்கு வந்திருக்கும் புரையும் இதுதானா?

தஞ்சாவூர் பாப்பா: இல்லை. உங்களுடையது முதுமையில் வருவது. வயது, சர்க்கரை, புகை, வெயில் எல்லாம் அதில் சேரும். தாத்தா, அத்தை, அத்தான், இப்போது குழந்தை என்று இளமையிலேயே தொடர்ந்து வருவதுதான் பரம்பரைப் புரை.

கும்பகோணம் அத்தை: சொட்டு மருந்தால் கரையாதா?

தஞ்சாவூர் பாப்பா: கரைக்கும் மருந்து இதுவரை இல்லை. பார்வையை மறைக்கும் புரையென்றால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. மூளை பார்க்கப் பழகும் பருவம் கடந்துவிட்டால், பிறகு வில்லையை மாற்றினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. சின்ன வயதிலேயே புரை எடுத்துக்கொண்ட அத்தாச்சி இப்போது பிரசவத்துக்கு வந்திருக்கிறார்கள் அல்லவா? இந்த மாற்றம் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பிறந்த உடனே குழந்தையின் கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும்படி மருத்துவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கும்பகோணம் அத்தை: நாளைக்கே சொல்லிவிடுகிறேன்.