மேல இருந்து பூமியைப் பாத்தா நெஜமாவே மனசு மாறுமா?

அடையாறு_ஆலமரம்
வீட்ல ஒரு பஞ்சாயத்து, நீங்கதான் தீர்த்து வைக்கணும். சுபான்ஷு சுக்லா 2025 ஜூன்ல ஸ்பேஸ் ஸ்டேஷன் போனப்ப பிரதமர்கிட்ட பேசினாரே, மேல இருந்து பாத்தா எல்லைக்கோடு எதுவும் தெரியல, பூமி ஒண்ணாத்தான் தெரியுதுன்னு, அந்த வீடியோவை என் பொண்ணு திரும்பத் திரும்ப போட்டுப் பாக்குறா. அவ தாத்தா வேற, "போறவன் எல்லாம் இதையேதான் சொல்றான், எழுதிக் குடுத்து அனுப்புவாங்க போல"ன்னு ஒரே நக்கல். நெஜமாவே அப்படிப் பாத்தா மனசு மாறுமா? நம்மள மாதிரி ஆளுங்க கீழ இருந்தே அதுல கொஞ்சமாவது பாக்க வழி உண்டா? கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போயாச்சு, அதைச் சொல்லாதீங்க ப்ளீஸ்.

வேளச்சேரி_வம்பு
நான் தாத்தா கட்சி. எல்லை தெரியாதுங்கறது பகல் கதை. ராத்திரி இந்தியா பாகிஸ்தான் பார்டர்ல ஃப்ளட்லைட் போட்டிருக்கான்ல, அது ஆரஞ்சு கலர்ல வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடா ஸ்டேஷன்ல இருந்தே தெரியும், 2011ல எடுத்த நாசா போட்டோ இருக்கு தேடிப்பாருங்க. ஒண்ணா தெரியுதாம் 😄

மழைக்கிறுக்கன்
அந்த போட்டோ உண்மைதான் வம்பு, ஆனா ஸ்டேஷன் என்ன அவ்ளோ தூரமா, சுமார் 400 கிலோமீட்டர், இங்கிருந்து நேர்கோட்டுல மதுரை போற தூரம் அவ்ளோதான். 30 செ.மீ. குளோப் ஒண்ணு இருந்தா அதுக்கு மேல 1 செ.மீ. கூட வராது. அங்கிருந்து முழு உருண்டை தெரியாது, ஒரு வளைவும் ஓரமா மெல்லிசா ஒரு நீலக் கோடும்தான். அந்த நீலக்கோடுதான் நம்ம காத்து. மழை, இடி, புயல் எல்லாம் நடக்கறது நம்ம பக்கம் அடியில இருக்கற 16, 17 கிலோமீட்டருக்குள்ள, கிட்டத்தட்ட சென்ட்ரல்ல இருந்து ஏர்போர்ட் தூரம். போய்ட்டு வந்த நிறைய பேர் மிரண்டு போய் பேசறது இதைப் பத்தித்தான், எல்லைக்கோடு எல்லாம் அப்புறம்.

முழு உருண்டை பாக்கணும்னா நிலா வழியில போகணும். 1972 டிசம்பர் 7, அப்போலோ 17 எடுத்தாங்களே 'ப்ளூ மார்பிள்', எல்லா ஸ்கூல் புக்லயும் இருக்கும். எடுத்தப்ப தெற்கு மேல இருந்துச்சு, திருப்பிப் போட்டுத்தான் வெளியிட்டாங்க. அதுல மேல வலது ஓரத்துல சுருட்டையா ஒரு மேகம் இருக்கும் பாருங்க. அது நம்ம புயல் சார்! ரெண்டு நாள் முன்னாடி, டிசம்பர் 5, கடலூர் பக்கம் கரையைக் கடந்தது.

நெல்லிக்குப்பம்_டு_குரோம்பேட்டை
எங்க அம்மா அந்தப் புயலப் பத்தி இப்பவும் பேசும், கூரை பிச்சிக்கிட்டுப் போய் ராத்திரி முழுக்க கோயில்ல உக்காந்து இருந்தாங்களாம். அதையா உலகமே அழகுன்னு சுவத்துல மாட்டி வச்சிருக்கு? மேல இருந்து பாத்தா எல்லாமே அழகுதான் போங்க, ஆளுங்க தெரியமாட்டாங்கல்ல.

மழைக்கிறுக்கன்
நியாயம்தான், மறுக்கல. ஆனா அப்ப நமக்குன்னு வானத்துல எதுவும் கிடையாது, ஆரியபட்டாவே 75லதான், மேகத்தைப் படம் எடுத்து அனுப்பின இன்சாட்-1பி 83ல. இப்ப புயல் வங்கக்கடல்ல சுத்த ஆரம்பிக்கும்போதே கரையில இருக்கறவங்களுக்குச் சொல்லிடறாங்கன்னா அதுவும் மேல இருந்து பாக்கறதாலதான். அழகுக்காக மட்டும் யாரும் பாக்கல.

ஆலமரம், உங்க ரெண்டாவது கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு. வானிலைத் துறை சைட்ல இன்சாட் படம் போடறாங்க, 36,000 கிலோமீட்டர்ல இருந்து எடுத்தது, அதுல முழு உருண்டையா வர்றதைத் திறங்க. சாயங்காலம் விசிபிள் படத்தை (வெயில் வெளிச்சத்துல எடுக்கறது) அரை மணிக்கு ஒருதரம் புதுசு பண்ணி பொண்ணைப் பாக்கச் சொல்லுங்க, கிழக்க இருந்து இருட்டு நகர்ந்து வந்து நம்ம ஊரை மூடறது தெரியும். கறுப்பு வெள்ளைதான், ஆனா அன்னிக்கு எடுத்தது.

வேளச்சேரி_வம்பு
சரி நான் கட்சி மாறல, ஆனா ஒரு டிப். நாசாவோட 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' ஆப்ல சென்னை போட்டு வைங்க, எப்ப வருது எந்தத் திசைன்னு சொல்லும். இருட்டினதுக்கு அப்புறமோ விடியறதுக்கு முன்னாடியோதான் தெரியும், ஏன்னா நமக்கு இருட்டாவும் அதுமேல வெயிலாவும் இருக்கணும். மினுக்காம நேரா போகும், மினுக்குனா அது மீனம்பாக்கம் ஃப்ளைட்டு. பெசன்ட் நகர் பீச்ல லைட் ஜாஸ்தின்னாலும் இது நல்ல பளிச்சுனு தெரியும்.

அடையாறு_ஆலமரம்
தேங்க்ஸ் எல்லாருக்கும். புயல் மேட்டர் தாத்தாகிட்ட சொன்னேன், உடனே கண்ணாடி போட்டுக்கிட்டு போன வாங்கி ஜூம் பண்ணிட்டு இருக்கார், பொண்ணுக்கு போன் கிடைக்கல, இப்ப அது தனி சண்டை. வம்பு, ஐப்பசி கார்த்திகைல மேகம்தானே இருக்கும், ஜனவரில ட்ரை பண்ணலாமா?

வேளச்சேரி_வம்பு
பொங்கல் தாண்டி போங்க, போகி புகைல ஒண்ணும் தெரியாது.