பழைய காலத்துத் துப்பறியும் கதைகள், எதில் தொடங்கலாம்?

கேள்வி: லண்டன் மூடுபனியும் குதிரை வண்டியும் படித்துப் படித்து அலுத்துவிட்டது. வேறு ஊர், வேறு காலத்தில் நடக்கும் கதை ஏதாவது சொல்லுங்களேன்.

பதில் 1: நீதிபதி டீ வரிசை. ராபர்ட் வான் குலிக் என்ற டச்சுத் தூதரக அதிகாரி எழுதியது, 7ஆம் நூற்றாண்டுச் சீனாவில் நடக்கும். துப்பறிவதும் விசாரிப்பதும் தீர்ப்புச் சொல்வதும் ஒரே ஆள்தான், அதிலும் குற்றவாளி தன் வாயால் ஒப்புக்கொள்ளாமல் தண்டிக்க முடியாது என்பதால் கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் கதை சூடாகவே போகும்.

பதில் 2: நல்ல வரிசைதான், ஆனால் அதில் வரும் பழக்கவழக்கங்கள் பெரும்பாலும் பல நூற்றாண்டுகள் பிந்திய மிங் அரச வம்சக் காலத்தவை, வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் ஓட்டு எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய கேட்ஃபெல் வரிசைக்கு. கதாநாயகன் கேட்ஃபெல் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி மடத்துத் துறவி, மூலிகை வைத்தியர். மூன்றாவது நாவலில் அவர் காய்ச்சிய வலித் தைலத்தையே யாரோ சாப்பாட்டில் கலந்துவிடுவார்கள்!

கேட்டவர்: தைலத்திலேயே கொலையா! சரி, அதையே முதலில் எடுக்கிறேன். சீனா அப்புறம்.