புதுக் கார் சிக்னலில் ஆஃப் ஆகிறது, ஷோரூமில் "செட் ஆகிடும்" என்கிறார்கள். அவசரம்!

டோல்கேட்_தம்பி
போன மாதம்தான் கார் எடுத்தோம். சிக்னலில் நின்றால் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் பின்னாலேயே கண்டெய்னர் லாரி வந்து நிற்கும்போது இப்படி ஆனால் கை காலெல்லாம் உதறுகிறது. விற்ற சேல்ஸ்மேனுக்குப் போன் போட்டேன். "புது இன்ஜின் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆகிடும்" என்கிறார். ஏரியா மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டேன். பானெட்டைத் திறந்து வைத்து ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்தார், அங்கே ஒரு தடவைகூட நிற்கவில்லை. என்ன பிரச்சினை? சீக்கிரம் சொல்லுங்கள்.

பெரம்பூர்_லோகோ
என்ன கார்? பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கொடுங்கையூர்க்காரன்
கேட்கவே வேண்டாம், இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான். எத்தனால் தண்ணீரை இழுக்கும். பெட்ரோல் பங்க்கை மாற்றிப் பாருங்கள். என் பைக்கும் இப்படித்தான் ஆனது.

கியர்_குரு
இழை போடும் முன் மாடல், வேரியண்ட், ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுத வேண்டும் என்று எத்தனை தடவைதான் சொல்வது? புதிதாக ஓட்டுபவர்கள் கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் குறை சொல்வது வழக்கம். நல்ல டிரைவிங் ஸ்கூலில் சேரவும்.

ராயபுரம்_13
கொடுங்கையூர் நண்பருக்கு: 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பெட்ரோல் கார்களின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படிதான் வருகின்றன. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். அதற்காக சிக்னலைப் பார்த்துப் பார்த்தா இன்ஜினை நிறுத்தும்? எனக்கு பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்குமோ என்று படுகிறது.

டோல்கேட்_தம்பி
வெள்ளைக் கலர். பெட்ரோல், கியர் வண்டிதான். டாப் மாடலுக்கு முந்தினது. குரு அண்ணே, நான் பல வருடமாக மினி வேன் ஓட்டுகிறவன். கிளட்ச் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

பெரம்பூர்_லோகோ
வெள்ளைக் கலர் என்றதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீட்டரில் ஏதாவது லைட் வருகிறதா?

பேசின்பிரிட்ஜ்_பார்த்தவர்
ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நியூட்ரலில் போட்டு கிளட்சை விட்ட பிறகு ஆஃப் ஆகிறதா? மறுபடி கிளட்சை மிதித்தால் சாவியைத் தொடாமலே ஸ்டார்ட் ஆகிவிடுகிறதா?

டோல்கேட்_தம்பி
ஆமாம், மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகிவிடும். அதைச் சொல்லவில்லையா? பச்சையாக ஒரு லைட்டும் வருகிறது, 'ஏ' எழுத்தைச் சுற்றி அம்புக்குறி போட்ட மாதிரி.

பேசின்பிரிட்ஜ்_பார்த்தவர்
அப்படியென்றால் வண்டியில் கோளாறே இல்லை. அதன் பெயர் ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப். சிக்னலில் சும்மா நின்று பெட்ரோல் எரிக்கக் கூடாது என்று கம்பெனியே வைத்தது. இதற்காகவே ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பேட்டரியையும் கொஞ்சம் பலமாகப் போடுவார்கள்.

மெக்கானிக் அண்ணனிடம் ஏன் நிற்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. இது வேலை செய்யப் பல நிபந்தனைகள் இருக்கின்றன. இன்ஜின் சூடாகியிருக்க வேண்டும், பேட்டரியில் போதுமான சார்ஜ் வேண்டும், வண்டி கொஞ்ச தூரமாவது ஓடி வந்து நின்றிருக்க வேண்டும், டிரைவர் சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். கதவோ பானெட்டோ திறந்திருந்தால் பெரும்பாலான கார்களில் இது இயங்காது. ஏசி முழு வேகத்தில் குளிர்விக்கப் போராடும்போதும் இன்ஜினை நிறுத்தாது. பானெட்டைத் திறந்து வைத்துப் பார்த்தால் பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கக் கீழோ கியர் பக்கத்திலோ அதே 'ஏ' அம்புக்குறி போட்ட பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் இந்த வசதி ஆஃப் ஆகிவிடும், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

கியர்_குரு
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். கையேடு குளவ் பாக்ஸில் சும்மாவா இருக்கிறது?

ராயபுரம்_13
நீங்கள் சொன்னது டிரைவிங் ஸ்கூல். மேலே அப்படியே இருக்கிறது, யாரும் அழிக்கவில்லை.

கொடுங்கையூர்க்காரன்
சரி, இ20 இல்லை. ஆனால் லட்சக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விற்கிறவனுக்கு இந்தப் பட்டன் தெரியாதா? செட் ஆகிடுமாம்!

மாஜி_சேல்ஸ்
நான் சில வருடம் ஷோரூமில் இருந்தவன், அதனால் சொல்கிறேன். தெரியாதுதான். ஒரு மாடலில் ஏழெட்டு வேரியண்ட், நடுவில் ஒன்றை நிறுத்திவிட்டு வேறு பெயரில் ஒன்று வரும். எதில் சன்ரூஃப் உண்டு, எதன் விலை என்ன, எந்த பேங்க்கில் எவ்வளவு வட்டி, இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். ஏனென்றால் மாதக் கடைசியில் மேனேஜர் கேட்பது அதைத்தான். எத்தனை வண்டி, எத்தனை இன்சூரன்ஸ், எத்தனை ஆக்சஸரீஸ். நான் விற்ற கார்களில் பலவற்றை நான் ஓட்டியதே இல்லை. டெஸ்ட் டிரைவ் வண்டி ஒரு வேரியண்ட்தான் இருக்கும். கஸ்டமர் கேட்டால் "தெரியலை, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லக் கூடாது, சேல் போய்விடும் என்று சீனியர் சொல்லிக்கொடுப்பார். அதிலிருந்து வருவதுதான் இந்த "செட் ஆகிடும்". வண்டியைப் பற்றிய சந்தேகமென்றால் சர்வீஸ் அட்வைசரிடம் கேளுங்கள். அவரிடம்தான் தினமும் புகார் வந்து குவிகிறது.

வியாசை_வாட்டர்
என்னிடம் ஒருவர் "கிரவுண்ட் கிளியரன்ஸ் 200 மி.மீ. சார், கணேசபுரம் சப்வேயில் தண்ணி நின்னாலும் பயமில்லாம போலாம்" என்று சொன்னாரே! 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற கார்களைப் பார்த்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வருமா?

கியர்_குரு
தவறு. எஸ்யூவி என்றால் தண்ணீரில் போகலாம். அதற்குத்தான் உயரம்.

ராயபுரம்_13
உயரம் கல்லும் ஸ்பீட் பிரேக்கரும் அடியில் தட்டாமல் இருப்பதற்கு. தண்ணீருக்குப் பார்க்க வேண்டியது இன்ஜின் காற்று இழுக்கும் வாய் எங்கே இருக்கிறது என்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் காற்று மாதிரி அமுங்காது, கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்புக்குத் தனிக் கவர் எடுக்கவில்லையென்றால் அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான்.

மாஜி_சேல்ஸ்
அந்தக் கவரை நாங்கள் விற்போம். எதற்கென்று சொல்லத்தான் தெரியாது.

கொடுங்கையூர்க்காரன்
இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்கணும் என்று அடித்துச் சொன்னார்களே?

மாஜி_சேல்ஸ்
கட்டாயமில்லை, வெளியிலும் எடுக்கலாம். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி கட்டாயம், அது வேறு விஷயம். வெளியே எடுத்தால் டிஸ்கவுன்ட் குறையும் என்பார்கள். எழுதிக் கேளுங்கள், பேச்சு மாறும்.

கியர்_குரு
தலைப்பை விட்டு எங்கேயோ போகிறது. இழை போட்டவரைக் காணோம்.

டோல்கேட்_தம்பி
பட்டன் இருந்தது. அமுக்கினேன், இப்போது நிற்கவில்லை. பார்த்தவர் அண்ணனுக்கு நன்றி. ஆனால் ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் அமுக்கணுமா?

பேசின்பிரிட்ஜ்_பார்த்தவர்
பெரும்பாலான வண்டிகளில் ஆமாம். இன்ஜினை அணைத்துவிட்டு எடுத்தால் பழையபடி ஆன் ஆகிவிடும். சிக்னலில் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடியே நின்றாலும் ஆஃப் ஆகாது, ஆனால் கால் வலிக்கும், கிளட்ச் பேரிங்குக்கும் நல்லதில்லை. பட்டனே மேல்.

டோல்கேட்_தம்பி
சரி. அப்புறம் இன்னொன்று. ஸ்டெப்னி டயர் மற்ற நாலையும்விட ஒல்லியாக இருக்கிறது. சேல்ஸ்மேன் எல்லாம் ஒரே சைஸ் என்றார். ஏமாற்றிவிட்டார்களா?

பெரம்பூர்_லோகோ
டயர் பக்கவாட்டில் என்ன நம்பர் எழுதியிருக்கிறது? பக்கத்தில் 80 என்று வேக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா? அப்புறம், இப்போதாவது என்ன கார் என்று சொல்லுங்கள்.